வாள் பரிசளிப்பதற்கு முன் பிடிக்குள் எட்டிப் பாருங்கள்

சில ஆண்டுகளுக்கு முன் என் அக்கா மகனுக்கு ஒரு வாள் வாங்கிக் கொடுத்தேன். பள்ளி நாளிலிருந்து அவன் கிறுக்காய்த் திரிந்த மாயக்கதை ஒன்றின் நாயகன் ஏந்தும் வாள் அது. பிடியின் கோடியில் நீலக் கல் பதித்த குமிழ், இறக்கை விரித்த பறவை போன்ற கைக்காப்பு, வாளின் அலகு நெடுக ஏதோ புரியாத எழுத்துகள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை, தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் பாட்டில் ஒன்றை ஸ்டூல் மேல் வைத்துவிட்டு, கொல்லைப்புறத்தில் நின்று ஒரு வீச்சு வீசினான். பாட்டில் உருண்டு விழுந்தது. அவன் கையில் பிடி மட்டும் இருந்தது. அலகு சுவரில் மோதி, என் காலிலிருந்து நான்கடி தள்ளி விழுந்து கிடந்தது.

எடுத்துப் பார்த்தேன். மூன்று விரல் அகலமுள்ள அலகின் அடியில், பென்சில் பருமனில் ஒரு இரும்புக் கம்பியைப் பற்றவைத்திருந்தார்கள். பற்றவைத்த இடத்திலேயே அது பிஸ்கட்டைப் போல முறிந்திருந்தது. முறிந்த முகம் சர்க்கரைத் துகள் மாதிரி மணிமணியாகப் பளபளத்தது. அந்தக் கல்லுக்கும் இறக்கைக்கும் எழுத்துக்கும் நான் கொடுத்த பணத்தில் ஒரு துளிகூட அந்தக் கம்பிக்குப் போகவில்லை என்பது அப்போது விளங்கியது. பையன் என்னைச் சமாதானப்படுத்தினான்: "பரவாயில்லை மாமா, சுவரில் மாட்டிக்கொள்கிறேன்."

அதன் பிறகு கொஞ்சம் படித்தேன், வாள் பயிற்சி செய்கிறவர்களிடம் கேட்டேன், இரண்டு மூன்று வாள்களைப் பிரித்தும் பார்த்தேன். உங்களுக்கு நெருக்கமான ஒருவருக்கு இப்படி ஒரு வாளைப் பரிசளிக்க எண்ணியிருந்தால், வாள் பற்றி எதுவும் தெரியாத நிலையில் எங்கிருந்து தொடங்குவது என்பதைச் சொல்கிறேன்.

அவர் அதை வைத்து என்ன செய்வார்?

வாளின் படத்தைத் தேடுவதற்கு முன் இந்தக் கேள்விக்கு விடை வேண்டும். கற்பனை உலக வாளை விரும்புகிறவர்களில் பலருக்கு அதைச் சுவரில் மாட்டிப் பார்த்தாலே போதும். சிலர் அதே வேடமிட்டு விழாக்களுக்குப் போவார்கள். சிலர் ஆளோடு ஆள் மோதிப் பயிற்சி செய்வார்கள். மிகச் சிலரே கூர் ஏற்றிய வாளால் எதையாவது வெட்டிப் பார்க்கும் ஆசை உள்ளவர்கள். நாலு பேருக்கும் நாலு வேறு பொருள் வேண்டும்.

வேடமிட்டுப் போகிறவருக்கு உலோக வாள் தண்டம். அத்தகைய விழாக்களில் பெரும்பாலானவை உலோக ஆயுதத்தை வாசலிலேயே நிறுத்திவிடும். அவருக்கு நுரைப்பொருளில் செய்து வண்ணம் தீட்டிய வாள்தான் சரி. மோதிப் பழகுகிறவருக்கு அதற்கென்றே செய்த, வளைந்து கொடுக்கும், முனை மழுங்கிய பயிற்சி வாளோ நைலான் வாளோ வேண்டும். கூரில்லாத வாள் என்பதாலேயே அது மோதலுக்கு ஏற்றதாகிவிடாது. வளையாத மொக்கை அலகின் குத்து, கவசம் இல்லாத இடத்தில் எலும்பை முறிக்கும். இந்தப் பயிற்சி வாளை நீங்களாகத் தேர்ந்தெடுக்க வேண்டாம். அவருடைய பயிற்சியாளரைக் கேட்டு வாங்குங்கள்.

சுவரில் மாட்டத்தான் என்றால், காட்சிக்காகச் செய்த வாளை மனநிறைவோடு வாங்கலாம். அதில் குறைவு ஒன்றும் இல்லை. ஆனால் அதைக் கொடுக்கும்போதே, "இது வீசுவதற்கு இல்லை" என்று வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். கையில் வாள் கிடைத்த எந்த மனிதரும் ஒரு தடவையாவது வீசிப் பார்க்காமல் இருக்க மாட்டார். ஐம்பது வயதுக்காரரும் அப்படித்தான். அதனால்தான், மாட்டி வைப்பதற்கென்றாலும் உழைக்கும் வாளாகவே வாங்கிவிடுவது நல்லது என்று நான் நினைக்கிறேன்.

உழைக்கும் வாள் என்று நான் சொல்வது, பார்க்க அந்தக் கற்பனை வாளின் நகலாகவும், உடம்பால் உண்மையான வாளாகவும் இருப்பதை. சரியான எஃகு, சரியான பதம், உறுதியான வால் (அலகிலிருந்து நீண்டு பிடிக்குள் நுழையும் பகுதி), கையில் அடங்கும் எடை. இனி வருவதெல்லாம் அதைப் பற்றித்தான்.

சட்டத்தை முதலில் பார்த்துவிடுங்கள்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஆனால் தாண்டிப் போகாதீர்கள். வாள் பற்றிய சட்டம் நாட்டுக்கு நாடு வேறு. இங்கிலாந்திலும் வேல்சிலும் 50 செ.மீ. அல்லது அதற்கு மேல் நீளமுள்ள வளைந்த அலகு கொண்ட வாள்களின் விற்பனைக்கு 2008 முதல் தடை இருக்கிறது. பாரம்பரிய முறையில் கையால் செய்தவை போன்ற சிலவற்றுக்கு விலக்கு உண்டு. ஜப்பானில் 15 செ.மீ. அல்லது அதற்கு மேற்பட்ட அலகுள்ள உண்மையான வாளைப் பதிவுச் சான்று இல்லாமல் வைத்திருக்க முடியாது. இந்தியாவின் ஆயுத விதிகள், வீட்டு வேலைக்கோ விவசாயத்துக்கோ தொழிலுக்கோ உரியதல்லாத, 9 அங்குல நீளத்தை அல்லது 2 அங்குல அகலத்தைத் தாண்டிய கூரிய அலகுகளைத் தனி வகையாகவே பட்டியலிடுகின்றன. பரிசு பெறுபவர் எங்கே வசிக்கிறாரோ அந்த இடத்துச் சட்டம்தான் கணக்கு. நீங்கள் இருக்கும் இடத்தில் வாங்கலாம் என்பது அவருக்கு உதவாது. எல்லை தாண்டி வரவழைத்தால் சுங்கத்தில் மாட்டிக்கொள்ளும் வாய்ப்பையும் சேர்த்து யோசியுங்கள். விமானத்தில் கைப்பையில் வாளுக்கு இடமில்லை; சரக்குப் பெட்டியில் வைப்பதற்கும் நிறுவனத்தின் ஒப்புதலை முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும்.

இன்னொன்று, வீட்டார் ஒப்புதல். சிறு குழந்தைகள் இருக்கும் வீட்டில் முக்கால் மீட்டர் நீளக் கூரிய எஃகு திடுமென வந்து இறங்குவதை எல்லோரும் ரசிப்பதில்லை. அவருடைய மனைவியிடமோ அம்மாவிடமோ ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். பதினெட்டு வயது நிரம்பாதவருக்கு என்றால் இந்தப் பேச்சே வேண்டாம்.

எஃகின் எண்ணைப் படிப்பது எப்படி

விற்பனைப் பக்கங்களில் 1060, 5160, 9260, 440 என்று எண்கள் வரும். மிரளத் தேவையில்லை.

10 என்று தொடங்கும் நான்கு இலக்க எண்கள் சாதாரணக் கார்பன் எஃகு. கடைசி இரண்டு இலக்கம் கார்பனின் அளவு: 1045 என்றால் ஏறத்தாழ 0.45 விழுக்காடு, 1060 என்றால் 0.60, 1095 என்றால் 0.95. கார்பன் கூடக் கூட அலகு கடினமாகும், கூர் நெடுநாள் நிற்கும். ஆனால் பதம் கொஞ்சம் பிசகினாலும் உடையும் வாய்ப்பும் கூடும். ஆகவே எண் பெரிதாக இருந்தால் வாள் உயர்ந்தது என்று கொள்ள வேண்டாம். முதன்முதலாக வாள் பிடிக்கும் கைக்கு 1060 போன்ற நடுத்தரமே தோதானது.

5160, 9260 இரண்டும் ஸ்பிரிங் எஃகு. முன்னதில் குரோமியமும் பின்னதில் இரண்டு விழுக்காடு அளவில் சிலிக்கானும் சேர்ந்திருக்கும். லாரியின் அடியில் சுமையைத் தாங்கி வளைந்து வளைந்து நிமிரும் பட்டைகளை இந்த வகை எஃகில்தான் செய்கிறார்கள். தப்பான கோணத்தில் வெட்டு விழுந்தாலும் அலகு வளைந்து மீண்டும் நேராகும். பரிசுக்கு எது என்று என்னைக் கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு இதைத்தான் சொல்வேன். புதியவர் தப்பு செய்வார். தப்பைப் பொறுக்கும் எஃகு வேண்டும்.

420, 440 என்று மூன்று இலக்கத்தில் வருவது துருப்பிடிக்காத எஃகு, அதாவது நம் எவர்சில்வர் வகை. கத்திக்கு அருமையானது. ஆனால் ஓர் அடி நீளத்தைத் தாண்டினால் அதிர்ச்சியைத் தாங்காது என்பது வாள் செய்கிறவர்களிடையே வழக்கமான விதி. என் அக்கா மகனின் வாள் 440-தான். சுவரில் மாட்டுவதற்குத் துருப்பிடிக்காத எஃகு மிகவும் வசதி. துடைத்துக்கொண்டே இருக்க வேண்டாம். வீசுவதற்கு வேண்டவே வேண்டாம்.

எஃகின் பெயரை மட்டும் வைத்து முடிவுக்கு வந்துவிடவும் கூடாது. அரிசி நல்லதாக இருந்தால் மட்டும் சோறு பதமாகிவிடுமா? உலையில் சிவக்கக் காய்ச்சிய அலகை எண்ணெயிலோ நீரிலோ அமிழ்த்துவதைக் கொல்லர்கள் தோய்ச்சல் என்பார்கள். தோய்த்த அலகு கண்ணாடி போலக் கடினமாகவும் நொறுங்கும்படியாகவும் இருக்கும். அதை மறுபடி மிதமான சூட்டில் வைத்து விறைப்பைத் தளர்த்தினால்தான் வாளுக்குரிய பதம் வரும். முறிந்த அலகில் நான் பார்த்த அந்தச் சர்க்கரைத் துகள் முகம், எஃகைக் கண்டபடி காய்ச்சியதன் அடையாளம் என்று பின்னால் ஒருவர் சொல்லித் தெரிந்துகொண்டேன். நன்றாகப் பதம் பிடித்த எஃகின் முறிவு, மிருதுவான சாம்பல் பட்டுத்துணி போல இருக்குமாம்.

விற்பவரிடம் ராக்வெல் கடினம், அதாவது எஃகின் கடினத்தைச் சொல்லும் எண், எவ்வளவு என்று கேளுங்கள். அலகு முழுவதும் ஒரே பதம் என்றால் 48 முதல் 55 வரை ஏதோ ஓர் எண் வர வேண்டும். ஜப்பானிய பாணியில், முதுகுப் பக்கம் களிமண் பூசித் தோய்த்து விளிம்பை மட்டும் கடினமாக்கிய அலகாக இருந்தால், விளிம்பு 60-ஐ ஒட்டியும் முதுகு 40-ஐ ஒட்டியும் இருக்கும். அத்தகைய அலகில் அலைபோல ஒரு வெண்கோடு ஓடும், பார்க்க மனம் மயங்கும். ஆனால் தவறாக வெட்டினால் அது வளைந்தபடியே நின்றுவிடும். மலிவான வாள்களில் அந்த அலையை அமிலத்தாலோ உப்புத்தாளாலோ வரைந்திருப்பார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள்.

டமாஸ்கஸ் (அலகில் வரிவரியாகக் கோலம் ஓடும் எஃகு) என்ற சொல்லைப் பார்த்து மயங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. அந்தப் புகழ்பெற்ற பழைய அலகுகளுக்கான எஃகு தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் உருக்கப்பட்டுக் கப்பல் ஏறியது. ஊட்ஸ் என்று மேலைநாட்டார் அதற்கு இட்ட பெயருக்கே உருக்கு, உக்கு என்ற நம் பக்கத்துச் சொற்கள்தான் மூலம் என்பார்கள். இன்றைக்கு அந்தப் பெயரில் விற்பது வேறு. இருவகை எஃகை அடுக்கடுக்காக உலையில் ஒட்டி, அமிலத்தில் நனைத்து வரிகளை வெளிக்கொண்டு வருகிறார்கள். நல்ல கையால் செய்தால் அழகு. ஒட்டு சரியில்லை என்றால் உள்ளேயே பிளவு இருக்கும், வெளியே தெரியாது. செய்தவர் யார் என்று தெரியாத டமாஸ்கஸ் வாளைப் பரிசாகக் கொடுக்க மாட்டேன்.

பிடிக்குள் இருப்பது

இங்கேதான் நான் ஏமாந்தேன், ஆகவே கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

அலகின் அடிப்பகுதி குறுகி, பிடிக்குள் நுழைந்து செல்கிறது. இதை வால் என்று வைத்துக்கொள்வோம். வீசும்போது அலகின் முழு விசையும் இந்த வாலின் தோளில்தான் வந்து இறங்குகிறது. அலகும் வாலும் ஒரே எஃகுத் துண்டாக இருக்க வேண்டும். பற்றவைத்த கம்பியாக இருக்கக் கூடாது. அலகின் அகலத்தில் ஏறக்குறைய பாதியாவது வாலுக்கு இருப்பது நல்லது. பிடியின் கடைசி வரை அது போயிருக்க வேண்டும். ஜப்பானிய வாள்களில் மட்டும் முக்கால் பங்கு நீளம் போய், மூங்கில் ஆணியால் பிணைக்கப்பட்டிருக்கும். அது குறையில்லை, அந்த மரபே அப்படி. அந்த ஆணி தளர்ந்திருக்கிறதா என்று ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் பார்க்க வேண்டும்.

அலகும் வாலும் சேரும் மூலையைக் கவனியுங்கள். அது செங்குத்தாக, தாளில் வரைந்த சதுரம் போல வெட்டப்பட்டிருந்தால் ஆபத்து. வளைவாக இறங்கியிருந்தால் நல்லது. தின்பண்ட உறையின் ஓரத்தில் சிறு வெட்டு ஒன்று போட்டிருப்பார்களே, அந்த இடத்தில் பிடித்து இழுத்தால் சரசரவென்று கிழியுமே, எஃகிலும் அதே கதைதான். கூரிய உள்மூலை எங்கே இருக்கிறதோ அங்கேதான் விரிசல் பிறக்கும்.

பிடியின் கோடியில் இருக்கும் குமிழ் எப்படிப் பூட்டப்பட்டிருக்கிறது என்பது அடுத்தது. பழைய முறையில், வாலின் நுனி குமிழுக்குள் புகுந்து வெளியே வர, அதைச் சுத்தியலால் அடித்துப் பரத்தித் தறைந்திருப்பார்கள். குமிழின் அடியில் ஒரு சின்ன உலோகப் பொட்டுத் தெரியும். இதைக் கழற்ற முடியாது, ஆடவும் ஆடாது. இன்னொரு முறையில் வாலின் நுனியில் மரை வெட்டி நட்டுப் போட்டு இறுக்குவார்கள். வாலையே தடிமனாக விட்டு மரை வெட்டியிருந்தால் இதுவும் உறுதியானதுதான். கழற்றிச் சுத்தம் செய்யலாம் என்ற வசதியும் உண்டு. மெல்லிய கம்பியில் மரை வெட்டிப் பற்றவைத்திருந்தால் அதுதான் என் வாள்.

படத்தில் இது எதுவும் தெரியாது. அதனால் விற்பவரிடம், "பிடியைக் கழற்றிய நிலையில் வாலின் படம் இருக்கிறதா?" என்று கேளுங்கள். நல்ல வாள் செய்கிறவர் இந்தக் கேள்விக்குக் காத்திருந்தவர் போல நாலு படம் அனுப்புவார். "எங்கள் தயாரிப்புகள் உயர்தரமானவை" என்று பதில் வந்தால் உங்களுக்கு விடை கிடைத்துவிட்டது.

கைக்காப்பும் குமிழும் எந்த உலோகம் என்றும் கேளுங்கள். கற்பனை வாள்களில் வேலைப்பாடு மிகுந்த காப்புகளை மலிவாகச் செய்ய, துத்தநாகக் கலவையை அச்சில் வார்த்துவிடுகிறார்கள். கீழே ஒரு முறை விழுந்தால் இறக்கை ஒடியும். எஃகு, பித்தளை, வெண்கலம் என்றால் நம்பலாம்.

திரைக்காக வரைந்த வாளும் கைக்காகச் செய்த வாளும்

கற்பனை உலக வாளின் தனிச் சிக்கல் இது. அதை வரைந்தவர் ஓவியர். கொல்லரைக் கேட்டு அவர் வரையவில்லை. வாசலளவு அகலமான அலகு, நடுவில் ஓட்டை, விளிம்பெல்லாம் முள், பின்னோக்கி வளைந்த கொக்கி. திரையில் அதைச் சுமப்பவர் கையில் இருப்பது பெரும்பாலும் அலுமினியமோ ரப்பரோ. அனிமேஷன் படமாக இருந்தால் எடையே கிடையாது. அதே வடிவத்தை எஃகில் அச்சு அசலாகச் செய்தால் நாலு ஐந்து கிலோவுக்குப் போய்விடும்.

போரில் உண்மையாகவே புழங்கிய வாள்கள் நாம் நினைப்பதைவிட இலேசானவை. ஒற்றைக்கை வாள் ஒரு கிலோவிலிருந்து 1.3 கிலோ வரை. இரு கையால் பிடிக்கும் நெடுவாள் 1.2 முதல் 1.8 கிலோ. அலகின் நடுவில் ஓடும் நீள்பள்ளம் இரத்தம் வழிவதற்கு என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள். விறைப்பைக் குறைக்காமல் எடையைக் குறைக்கத்தான் அது. ஆகவே நகல் வாளின் எடை இரண்டு கிலோவைத் தாண்டினால், அது மாட்டி வைக்கத்தான் என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

எடை என்பது எண்ணில் புரியாது. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலின் கழுத்தைப் பிடித்துக் கையை நேரே நீட்டி, முப்பது எண்ணும்வரை நில்லுங்கள். ஒரு கிலோ எவ்வளவு என்று தோள் சொல்லும். அடுத்து ஒரு துடைப்பத்தை எடுங்கள். கீற்றுப் பக்கத்தை ஒட்டிப் பிடித்து ஆட்டிப் பாருங்கள், பிறகு மறுகோடியில் பிடித்து ஆட்டிப் பாருங்கள். எடை ஒன்றுதான், ஆனால் இரண்டாவது முறை மணிக்கட்டு திணறும். வாளில் இதைத்தான் சமநிலைப் புள்ளி என்கிறார்கள். அலகை ஒரு விரல் மேல் படுக்கவைத்தால் எங்கே சாயாமல் நிற்கிறதோ அந்த இடம். கைக்காப்பிலிருந்து 8 முதல் 15 செ.மீ.க்குள் இருந்தால் வாள் கைக்கு அடங்கும். இருபதைத் தாண்டினால் முனை கீழே இழுக்கும். விற்பனைப் பக்கத்தில் இந்த அளவைக் குறிப்பிட்டிருந்தாலே, செய்தவருக்கு வாள் தெரியும் என்று பாதி நம்பிக்கை வந்துவிடுகிறது எனக்கு.

எனவே நாயகனின் வாளை அப்படியே உரித்து வைத்த நகலைத் தேடாதீர்கள். நல்ல கொல்லர்கள் அந்த வடிவத்தின் சாயலை வைத்துக்கொண்டு, அகலத்தைக் குறைத்து, ஓட்டையை அடைத்து, முள்ளைத் தேய்த்து, கைக்கு ஏற்றபடி செய்கிறார்கள். ரசிகர் ஒருவர் அதைப் பார்த்த கணத்தில் இன்னாருடைய வாள் என்று அடையாளம் கண்டுகொள்வார், அது போதும். வடிவத்தில் கறார் வேண்டும், ஒவ்வொரு முள்ளும் எண்ணிக்கை மாறாமல் இருக்க வேண்டும் என்று அடம்பிடிக்கும் ரசிகராக இருந்தால், உரிமம் பெற்றுத் தயாரித்த, சான்றிதழோடு வரும் காட்சி வாளே அவருக்குப் பிடிக்கும். இரண்டையும் ஒரே வாளில் எதிர்பார்ப்பது அபூர்வமாகத்தான் கைகூடும்.

அலகில் கறுப்போ சிவப்போ வண்ணம் பூசியிருந்தால், இரண்டாவது வெட்டிலேயே அது உரியத் தொடங்கும் என்பதையும் அவருக்குச் சொல்லிவிடுங்கள்.

அளவைப் பொறுத்தவரை, அவர் நிமிர்ந்து நின்று வாளைத் தொங்கவிட்டுப் பிடித்தால் முனை தரையைத் தொடக் கூடாது. ஒரு கைக்கு உரிய பிடியின் நீளம் 10 செ.மீ. அளவிலும், இரு கைக்கு 20 முதல் 30 செ.மீ. வரையிலும் இருக்கும். இடதுகைப் பழக்கம் உள்ளவரா என்று மறக்காமல் யோசியுங்கள். ஒரு பக்கம் மட்டும் வளையம் உள்ள காப்பு, வலதுகைக்காரருக்காகவே வளைந்திருக்கும்.

கூர் ஏற்றியதா, ஏற்றாததா

பல வாள்கள் இரண்டு விதமாகவும் கிடைக்கும். வெட்டிப் பார்க்கும் பழக்கமோ, கற்றுத்தர ஆளோ இல்லாத வீட்டுக்குக் கூர் ஏற்றாததையே கொடுங்கள். பிற்பாடு தேவைப்பட்டால் தெரிந்தவரிடம் கொடுத்துச் சாணை பிடித்துக்கொள்ளலாம். ஏற்றிய கூரை இறக்குவது அத்தனை எளிதில்லை. கூர் ஏற்றியதாக இருந்தால், தண்ணீர் பாட்டில்களும் நீரில் ஊறவைத்துச் சுருட்டிய பாயும் வெட்டுவதற்கு உகந்தவை. மரம், காய்ந்த மூங்கில், பழைய மேசை நாற்காலி எதுவும் கூடாது. இன்னொரு வாளோடு விளிம்பு மோத விடவும் கூடாது. விளிம்பில் பல் விழுந்த பிறகு வருந்திப் பயனில்லை.

கேட்டு வாங்குவது

எஃகின் பெயர், கடினம், வாலின் படம், எடை, சமநிலைப் புள்ளி, காப்பின் உலோகம், திருப்பியனுப்ப எத்தனை நாள் அவகாசம். இந்த ஏழு விவரங்களையும் ஒரே கடிதத்தில் கேட்டுவிடுங்கள். "போருக்குத் தயார்" என்ற சொற்களை ஒரு பதிலாகவே எடுத்துக்கொள்ள வேண்டாம். அதற்குத் தர அளவு எதுவும் கிடையாது, யார் வேண்டுமானாலும் அச்சடித்துக்கொள்ளலாம். கையில் இருக்கும் பணம் நல்ல உழைக்கும் வாளுக்குப் போதவில்லை என்றால், அரைகுறை வாளுக்குப் போகாதீர்கள். நேர்மையான காட்சி வாள் ஒன்றையோ, நன்றாகச் செய்த குறுவாள் ஒன்றையோ வாங்குங்கள். அளவெடுத்துச் செய்யச் சொன்னால் மாதக் கணக்கில் ஆகும். பிறந்தநாளை எண்ணி முன்னதாகவே தொடங்குங்கள்.

உறையைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். மரத்தால் செய்து தோல் போர்த்திய உறை நல்லது. கூரிய வாளுக்கு வெறும் தோலுறை உதவாது, உள்ளேயிருந்து கிழிந்துவிடும். உறையோடு வாளைத் தலைகீழாகப் பிடித்தால் அது தானாக நழுவி விழக் கூடாது.

பெட்டி வந்த அன்று

பரிசுத் தாள் சுற்றுவதற்கு முன் நீங்களே திறந்து பார்த்துவிடுங்கள். பிடியை இறுகப் பற்றி மேலும் கீழும் உதறுங்கள். கலகல என்றோ டிக் டிக் என்றோ சத்தம் வந்தால் உள்ளே எதுவோ தளர்ந்திருக்கிறது. அலகைக் கண்ணுக்கு நேராக நீட்டி, துப்பாக்கியில் குறிபார்ப்பது போல முதுகு வழியே பாருங்கள்; கோணல் இருந்தால் தெரிந்துவிடும். காப்பும் அலகும் சேரும் இடத்தில் இடைவெளி இருக்கிறதா என்று விரல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். வாளை ஒரு கையால் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, மறு கையின் உள்ளங்கையால் குமிழைத் தட்டுங்கள். அலகு அதிர்ந்து அடங்கும். அந்த அதிர்வோடு கரகரப்பும் சேர்ந்து வந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள். முழங்காலில் வைத்து வளைத்துப் பார்க்கும் வீரம் வேண்டாம்.

உறையிலிருந்து உருவும்போது இடது கை விரல்கள் உறையின் வாயருகே, அலகின் விளிம்புப் பக்கம் சுற்றியிருக்கக் கூடாது. அவசரமாக உருவும் போது விளிம்பு உறையைப் பிளந்துகொண்டு விரலுக்கு வந்த கதைகள் உண்டு. பக்கவாட்டில் மட்டும் பிடித்து, மெதுவாக உருவுங்கள்; உறையில் இடும்போது கண் முனையிலேயே இருக்கட்டும்.

பெட்டிக்குள் இன்னும் சில

கார்பன் எஃகு விரல் ரேகை பட்டாலே துருவேறும். அதனால் வாளோடு ஒரு சின்னப் புட்டி கனிம எண்ணெயையும் இரண்டு பருத்தித் துணிகளையும் சேர்த்து வையுங்கள். தையல் இயந்திரத்துக்குப் போடும் எண்ணெயே போதும். சமையல் எண்ணெய் பூசினால் சில வாரத்தில் பிசின் போல இறுகிவிடும். தொட்ட ஒவ்வொரு முறையும் துடைத்து, மெல்லிய படலமாக எண்ணெய் தடவ வேண்டும். மாதம் ஒரு முறை எடுத்துப் பார்க்க வேண்டும். தோல் உறைக்குள் மாதக்கணக்கில் போட்டு வைக்கக் கூடாது. தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், பதனிடச் சேர்த்த பொருள்களும் எஃகை அரிக்கும். சுவரில் மாட்டுவதென்றால் அதன் எடையைத் தாங்கும் திருகாணியும், குழந்தைகளுக்கு எட்டாத உயரமும் வேண்டும். வாங்கிய ரசீதையும் சான்றிதழையும் ஒரு காகித உறையில் இட்டுப் பெட்டியின் அடியில் வையுங்கள். வெளியே எடுத்துப் போக, பூட்டக்கூடிய நீண்ட பெட்டி ஒன்று இருந்தால் நல்லது. தோளில் தொங்கவிட்டுத் தெருவில் நடப்பது எந்த ஊரிலும் நல்ல யோசனை ஆகாது.

போன ஆண்டு அக்கா மகனுக்கு இரண்டாவது வாளைக் கொடுத்தேன். ஸ்பிரிங் எஃகு, 1.4 கிலோ, குமிழில் கல் இல்லை, காப்பில் இறக்கை மட்டும் சற்றே சாயலாக. பெட்டியைத் திறந்தவன் அலகைக்கூடப் பார்க்கவில்லை. வாளைக் கவிழ்த்து, கைபேசி வெளிச்சத்தைக் குமிழின் அடியில் அடித்து, அந்தத் தறைந்த பொட்டைத் தேடினான். பிறகு நிமிர்ந்து, "மாமா, இந்த முறை நீங்கள் நான்கடி தள்ளி நிற்க வேண்டாம்" என்றான். ஆனாலும் நான் பத்தடி தள்ளித்தான் நின்றேன்.